மூன்றரை மில்லிமீட்டர் எழுத்து

யூன் மாதத்து மழை ஒக்லாந்தின் புறநகரான ரானுயியில் மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. பற்றிக் வழமையை விட இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வீட்டுக்கு வந்தான். பின்கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழங்கால்வரை சேறு அப்பிய காற்சட்டையோடு அப்படியே படியில் உட்கார்ந்தான்.

மாகிரட் துவாயைக் கொண்டுபோய் அவன் தோளில் போட்டாள்.

"என்னப்பா, இவ்வளவு பிந்திட்டுது?"

"ஒரு லைன் திரும்பக் கிண்டவேண்டியதாப் போச்சுது."

"ஏன்?"

"மட்டம் பிழைச்சுப்போச்சுது. நாப்பது மீற்றர்." தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "தேத்தண்ணி இருக்கோ?"

அதற்குமேல் அதைப் பற்றி அவன் கதைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பசியோடு இருப்பவனைக் கேள்வி கேட்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

மன்னாரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பற்றிக் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். அதே கந்தோரில் மாகிரட் படவரைஞர். அவன் அளந்துகொண்டு வருவதை அவள் கீறுவாள். அப்படித்தான் பழக்கம் வந்தது, அப்படியே கலியாணமும் முடிந்தது. நியூசிலாந்துக்கு வந்து இப்போது ஐந்து வருடம். அவனுடைய சான்றிதழை இங்கே யாரும் சான்றிதழாகவே எடுக்கவில்லை. அவள் மட்டும் பொலிடெக்னிக்கில் கம்ப்யூட்டரில் படம் கீறப் படித்து, எப்சத்தில் ஓர் எஞ்சினியரிங் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் நிலத்தடிக் குழாய் பதிக்கும் கொன்ட்ராக்டர் ஒருவரிடம் போனான்.

இரண்டு வருடம் மண்வெட்டி பிடித்தபிறகுதான், இந்த மெலிந்த மனிதனுக்கு மட்டம் பார்க்கத் தெரியும் என்பதை சியோனே கண்டுபிடித்தான். சியோனே டொங்காக்காரன், அந்தக் குழுவின் போர்மன். அடுத்த நாளே லேசர் பெட்டியைத் தூக்கிப் பற்றிக்கின் கையில் கொடுத்துவிட்டான். பள்ளத்துக்குள் சிவப்பு ஒளிக்கோடு ஒன்றை நேராக அனுப்பும் கருவி அது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொரு குழாயையும் இருத்தவேண்டும். அன்றிலிருந்து மட்டம் பற்றிக்கின் பொறுப்பு. அவன் வீட்டில் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ரெயிலடியிலிருந்து நடந்து வரும் நடையிலேயே மாகிரட்டுக்கு அது தெரிந்தது.

இப்போது அந்த நடை மாறியிருந்தது. அடுத்த கிழமை சோறு பிசையும்போது அவன் முகத்தைச் சுளித்தான். அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் புதுக் கொப்புளங்கள்.

"இதென்ன? மண்வெட்டியோ?"

"ஓம். லேசரை இப்ப வேற பெடியன் பாக்கிறான்." மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். "மேலிடத்தில சொல்லிப்போட்டாங்களாம். சியோனே பாவம், அவன் என்ன செய்யிறது?"

"அந்த நாப்பது மீற்றருக்கோ?"

"விடுமப்பா. சோறு ஆறுது."

பத்து வயது துஷானி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்பா, ஆர் யூ ஓகே?"

"ஐ ஆம் ஓகே, குஞ்சு," என்றான் பற்றிக், இடது கையால் அவள் தலையைத் தடவி.

விஷயம் வெளிவந்தது அந்த வெள்ளிக்கிழமை. கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணி முடிந்திருந்தது. படப் பகுதிக்குப் பொறுப்பான கிரேம் ஒரு கடிதத்தை ஏந்திக்கொண்டு மாகிரட்டின் மேசைக்கு வந்தான். நெட்டையான மனிதன், அறுபதை நெருங்கியவன், சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

ஈஸ்ட் டாமாக்கியில் புதிதாகக் கட்டப்படும் பண்டகசாலை வளவில், மழைநீர்க் குழாய் ஒன்று இருபது சென்றிமீட்டர் உயரமாகப் பதிக்கப்பட்டுவிட்டதாம். அடுத்த மான்ஹோலுக்கு வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்ததாம். நாற்பது மீற்றரையும் கிண்டி எடுத்துத் திரும்பப் பதித்ததாக கொன்ட்ராக்டர் எழுதியிருந்தார். தங்களுடைய தொழிலாளி எண்ணைப் பிழையாக வாசித்துவிட்டான் என்றும், இனி அந்தப் பொறுப்பில் அவன் இல்லை என்றும் கடிதம் முடிந்தது. அதோடு வரைபடத்தின் சிறிய பிரதி ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. மேசையளவு பெரிய தாளில் கீறிய படத்தை, வேலைத்தளத்தில் கொண்டு திரிய வசதியாக நீளம் அகலம் இரண்டிலும் பாதியாக்கி எடுத்த போட்டோக்கொப்பி. சேறு பட்டுக் காய்ந்து மொரமொரவென்று இருந்தது.

"இதை யார் கீறினார்கள் என்று பார்க்கிறேன்," என்றான் கிரேம். "மூலையைக் காணவில்லை."

உண்மைதான். படத்தின் எண்ணும் கீறியவரின் முதலெழுத்துகளும் இருக்கவேண்டிய வலதுபக்கக் கீழ்மூலை இல்லை. சேற்றில் கிழிந்ததுபோலவும் இல்லை. மடித்து, நகத்தால் அழுத்தி, நேராகக் கிழித்து எடுத்த மாதிரி இருந்தது.

மாகிரட் தாளை வாங்கினாள். நடுவில் ஓர் எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. குழாயின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்ற எண். பக்கத்தில் பென்சிலில் ஒரு சிறு கணக்கு. அந்த ஏழின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு, நான்கின் தலை மூடாமல் திறந்திருக்கும் விதம். மன்னாரில் எத்தனை அளவைப் புத்தகங்களில் அந்த எண்களை அவள் பார்த்துப் பிரதி எடுத்திருப்பாள்!

பிறகுதான் வட்டத்துக்குள் இருந்த எண்ணைப் பார்த்தாள். 23.88 என்றுதான் அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அது 23.68 என்று அவளுக்கு மனப்பாடம். ஏனென்றால் அந்தப் படத்தைக் கீறியவள் அவளே.

கிரேம் கோப்பைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். அதுவரை அவளால் காத்திருக்க முடியவில்லை.

"இது என்னுடைய படம்," என்றாள். "இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கினேன். பெரிய தாளில் ஒன்று தசம் எட்டு மில்லிமீட்டர். பாதியாக்கினால் ஒரு மில்லிமீட்டரும் இல்லை. அதிலே ஆறும் எட்டும் ஒன்றுதான்."

கிரேம் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தித் தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். பிறகு, "சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்," என்றான்.

"இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொழிலாளி என்னுடைய கணவர்."

கிரேம் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

அவனுடைய அலுமாரியில் இரண்டு வருடமாக ஒரு கோப்பு இருந்தது. கந்தோரில் எல்லோரும் ஒரே முறையில் படம் கீறுவதற்கான விதிகள் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. உள்ளே ஒரேயொரு தாள். படவரைஞர்கள் ஏழு பேர், ஏழு முறை. ஒருவர் கழிவுநீர்க் குழாயைச் சிவப்பில் கீறுவார், மற்றவர் பச்சையில். ஒருவர் வடக்கை மேலே வைப்பார், இன்னொருவர் தாளில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. அவசர வேலைகளுக்கு நடுவில் அதைச் சரிப்படுத்த யாருக்கும் நேரம் வரவில்லை. அன்று கிரேம் அந்தக் கோப்பை எடுத்து வந்து மாகிரட்டின் மேசையில் வைத்தான். தினமும் பிற்பகலில் இதை மட்டும் செய், இரண்டு மாதம் தருகிறேன் என்றான்.

"செய்கிறேன்," என்றாள் மாகிரட். "ஆனால் கொன்ட்ராக்டருக்கு ஒரு கடிதம் போகவேண்டும். பிழை வாசித்தவருடையது இல்லை என்று."

அவன் தயங்கினான். அப்படி எழுதுவதென்றால் மேலே இருப்பவர்களைக் கேட்கவேண்டும், அவர்கள் வக்கீலைக் கேட்பார்கள் என்றான். முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றான்.

அன்று பின்னேரம் பற்றிக் குளித்துவிட்டு வந்து குசினியில் உட்காரும்வரை மாகிரட் காத்திருந்தாள். துஷானி முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலை எங்க?"

அவன் விளங்காதவன்போல் பார்த்தான்.

"படத்தின்ர மூலை. கிழிச்சனீங்களெல்லே?"

பற்றிக் கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, கொழுவியிருந்த ஜாக்கெட்டின் உட்பையிலிருந்து பேர்சை எடுத்துத் திறந்தான். ரெயில் டிக்கெற்றுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு கடதாசித் துண்டு. மாகிரட்டின் முதலெழுத்துகள் அதில் தெளிவாகவே இருந்தன.

"எறிவம் எண்டுதான் நினைச்சனான். உம்மட பேர் இருக்கு. மனம் வரேல்லை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லி? நீர் சாப்பிடாமல் கொள்ளாமல் திரிவீர். ஏழு பேருக்குள்ள நீர் ஒராள்தான் பொம்பிளை, ஒராள்தான் புதுசு. வேலைக்கு ஏதும் வந்தா? எனக்கு மண்வெட்டி புதுசே?"

"அதுக்காக நீங்கள் பழியை ஏற்கிறதோ? முட்டாள்த்தனமெல்லே!" அவள் குரல் உடைந்தது. "நான் எல்லாம் சொல்லிப்போட்டன். கிரேமிட்ட சொல்லிப்போட்டன்."

"சொல்லிப்போட்டீரோ?" பற்றிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். "அப்ப நான் மினக்கெட்டு நேராக் கிழிச்சது வீண்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கொப்புளம் பட்ட கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஏதோ கேட்க வந்த துஷானி வாசலில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர்களுடைய குசினி மேசை வேலைமேசையாயிற்று. மாகிரட் மட்ட எண்கள் பலவற்றைப் பல அளவுகளில் அச்சடித்துக் கொண்டுவந்தாள். சந்தியிலிருந்த டெய்ரி என்ற சின்னக் கடையில் ஒரு போட்டோக்கொப்பி மெஷின் இருந்தது. அதில் அதைப் பாதியாக்கினாள். பாதியாக்கியதைத் திரும்பவும் கொப்பி எடுத்தாள், அதையும் ஒருமுறை கொப்பி எடுத்தாள். வேலைத்தளத்துக்குப் போய்ச் சேரும் படம் எப்போதும் கொப்பியின் கொப்பிதான் என்று பற்றிக் சொல்லியிருந்தான்.

அவன் அவற்றைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் ஈரப்புல்லில் போட்டான், மண்ணைத் தேய்த்தான், மழையில் கொஞ்ச நேரம் விட்டான்.

"பள்ளத்துக்குள்ள குனிஞ்சு நிண்டுதான் வாசிக்கிறது. வெளிச்சம் இராது. ஒரு கையில தாள், மற்றக் கையில பைப். தாளை நிலத்தில வச்சாப் பறந்திடும். காலால மிதிச்சுக்கொண்டு வாசிக்கோணும்."

"காலாலயோ?" மாகிரட் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். நின்றபடி காலடியில் கிடக்கும் தாளை வாசிக்கமுடியவேண்டும். இப்படி ஒரு விதியை இந்த உலகத்தில் எந்தக் கந்தோரும் எழுதியிராது என்று நினைத்தாள்.

வண்ணத்தில் கீறி என்ன பயன், கொப்பியில் எல்லாம் கறுப்புத்தானே என்றான் அவன். குழாயின் மட்டத்தை மட்டும் எழுதாமல் சரிவையும் எழுதவேண்டும் என்றான்.

"அண்டைக்கு நான் வாசிச்ச பிழையான மட்டத்திலயும் தண்ணி ஓடும். சரிவு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதாலதான் எனக்குச் சந்தேகம் வரேல்லை. சரிவையும் எழுதியிருந்தா, ரெண்டும் பொருந்தேல்லை எண்டு உடன பிடிச்சிருப்பன்."

மாகிரட் எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். அந்த வரியை அவள் அடிக்கோடிட்டாள்.

கடைசியில் எழுத்தளவுப் பரீட்சை. மேசையின் மறுபக்கத்தில் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள். பற்றிக் தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி வாசித்தான். பெரிய அளவில் தடங்கல் இல்லை. அடுத்ததில் இரண்டு பிழை. அதற்கடுத்ததில் ஓர் எண்ணும் பிடிபடவில்லை.

அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த துஷானி, "இட்ஸ் ஈஸி, அப்பா. ட்வென்டி-த்ரீ பொயின்ட் சிக்ஸ் எய்ட்," என்றாள்.

பற்றிக் தாளை வாங்கிக் கிட்டக் கொண்டுபோனான், பிறகு தூரப் பிடித்தான்.

"அப்ப பாதிப் பிழை என்ர கண்ணிலதான்," என்றான் மெதுவாக.

"நாப்பத்திமூண்டு வயசு. கண்ணாடி வேண்டித்தான் வரும். திங்கக்கிழமை ஹென்டர்சனில கண் டொக்டரிட்டப் போவம்." மாகிரட் தாளை அவனிடமிருந்து எடுத்தாள். "ஆனா படம் கண்ணாடி போட்டவனுக்கு மட்டும் இல்லை. மழைக்குள்ள கண்ணாடி போட்டு என்ன, போடாட்டி என்ன? நீங்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுதான் என்ர அளவு."

பெரிய தாளில் மூன்றரை மில்லிமீட்டர். பாதியாகி, இன்னும் இரண்டு தரம் கொப்பியாகி, சேறு பட்டபின்னும் பற்றிக் பிழையில்லாமல் வாசித்த மிகச் சிறிய எழுத்து அது. விதியில் அவள் அதை அப்படியே எழுதினாள். காரணத்தை எழுதவில்லை.

ஓகஸ்ட் முடிவில் கந்தோரில் கூட்டம். பதினொரு பக்க விதிகளை ஏழு பேரும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் வாயைத் திறந்தவன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த மகேசன். அங்கே எல்லோரையும்விட வேகமாகக் கீறுபவன், மாகிரட்டோடு தமிழில் பேசும் ஒரே ஆள்.

"இதெல்லாம் தேவையா லா?" என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் பதினஞ்சு வருசமா டிராயிங் போடுறேன். படிக்க முடியலைன்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

பிறகு அதையே ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னான். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

மாகிரட் வாதாடவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்தாள். ஒவ்வொருவரும் அந்த வருடம் கீறிய படங்களில் ஒன்று. பாதியாக்கி, கொப்பியின் கொப்பி எடுத்து, ரானுயி மண்ணில் புரட்டிக் காயவைத்தது. முதலில் தன்னுடையதை மேசை நடுவில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு மற்றவற்றைச் சொந்தக்காரர்களிடம் கொடுத்து, மட்டங்களை உரத்து வாசிக்கச் சொன்னாள். நிலத்தில் வைத்து, நின்றபடி.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மகேசன் தன் படத்தின்மேல் நீண்ட நேரம் குனிந்து நின்றான். மூன்று எண்களில் இரண்டை அவன் பிழையாக வாசித்தான். சரியான எண்களை கிரேம் கோப்பிலிருந்து வாசித்தான்.

மகேசன் நிமிர்ந்து கழுத்தைத் தடவினான். "ஆமா," என்றான். "படிக்க முடியலைன்னு யாரும் என்கிட்ட வந்து சொன்னதில்ல. குழிக்குள்ள இருக்கிறவன் எப்படி வந்து சொல்லுவான்?"

அன்று மாலை புறப்படுமுன் அவன் மாகிரட்டின் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்துவிட்டுப் போனான். வண்ணமே இல்லாமல், கோட்டின் வெட்டு வெட்டான வடிவத்தை வைத்தே மழைநீர், கழிவுநீர், குடிநீர் மூன்றையும் வேறுபடுத்தும் முறை. அழகாகக் கீறியிருந்தான். அவள் யோசித்து வைத்திருந்ததைவிட அது நன்றாக இருந்தது. பன்னிரண்டாம் பக்கமாக அதைச் சேர்த்தாள், அவன் பெயரோடு.

அடுத்த நாள் கிரேம் மேல்மாடிக்குப் போனான். கையில், கூட்டத்தில் அவனும் நின்று வாசித்துத் தோற்றுப்போன மாகிரட்டின் சேற்றுத் தாள். ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கி வந்து, கடிதத்தின் பிரதியை அவளிடம் கொடுத்தான். குறுகிய கடிதம். சிறிதாக்கிய பிரதியில் எங்கள் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கவில்லை, தவறு எங்களுடையது, உங்கள் தொழிலாளியுடையது அல்ல.

மாகிரட் அதை இரண்டு தரம் வாசித்தாள். நன்றி சொல்ல ஆங்கிலம் வரவில்லை. கிரேமுக்கு அது தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, சியோனே லேசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பற்றிக்கின் காலடியில் வைத்தான். ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவன் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனானாம். "முதுகு இப்பவும் நோகுது," என்று பற்றிக் அன்று வீட்டில் சொன்னபோது, முகத்தில் நோவு எதுவும் இருக்கவில்லை.

புதிய விதிகளின்படி கீறிய முதல் படங்கள் ஒக்டோபரில் வேலைத்தளத்துக்கு வந்தன. அன்று பற்றிக் எப்போது வருவான் என்று மாகிரட் யன்னலடியிலேயே நின்றாள். அவன் வந்து, கை கழுவி, புதுக் கண்ணாடியைத் துடைத்து, ஆறுதலாக உட்காரும்வரை பொறுத்துக்கொண்டாள்.

"என்னண்டு இருந்துது?"

"எது?"

"விளையாடாதேங்கோ!"

"நல்லாயிருந்துது," என்றான். "எழுத்தெல்லாம் கிளீன். சரிவு இருக்கு, மட்டம் இருக்கு. மகேசன்ர கோடுகளைப் பாத்திட்டு சியோனே நல்லாருக்கு எண்டவன். நான் ஒருத்தரையும் ஒண்டும் கேக்காமல் அறுபது மீற்றர் பதிச்சனான்."

அவள் மூச்சை விட்டாள்.

"ஒரு சின்னக் குறை."

"என்ன?"

"வடக்கு அம்புக்குறியை எல்லாத் தாளிலயும் இடப்பக்க விளிம்பில வச்சிருக்கிறீர். சியோனே படமெல்லாத்தையும் ஃபைலில போட ஓட்டை குத்தினவன். ஓட்டை எங்க விழுந்துது தெரியுமோ?" பற்றிக் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "பன்ரெண்டு படம் மாகிரட், பன்ரெண்டிலயும் வடக்கைக் காணேல்லை!"

மாகிரட் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் சிரிக்கத் தொடங்கினாள். துஷானி ஓடிவந்து, வட் இஸ் சோ ஃபனி என்று கேட்டுக்கொண்டே நின்றாள். இருவருக்கும் அவளுக்குச் சொல்லி முடிக்க மூச்சு வரவில்லை.

கொஞ்சம் ஆறியதும் மாகிரட் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். புதுப் பக்கத்தில் முதலாம் திருத்தம் என்று எழுதி, கீழே கோடு போட்டாள்.

"சரி சொல்லுங்கோ," என்றாள். "வடக்கை எங்க வைப்பம்?"

பற்றிக் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.